‘டியர்ஸ் இன் ஹெவன்’ பாட்டில் அந்த அப்பா கேட்பது என்ன?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஆங்கிலேய கிட்டார் கலைஞரும் பாடகருமான எரிக் கிளாப்டனின் ‘டியர்ஸ் இன் ஹெவன்’ (சொர்க்கத்தில் கண்ணீர்), இறந்துபோன மகனைச் சொர்க்கத்தில் மறுபடி பார்ப்பேன் என்று ஓர் அப்பா தன்னைத் தேற்றிக்கொள்ளும் பாட்டா? அப்படியென்றால் ‘நான் இங்கே இருக்க வேண்டியவன் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி வருகிறதே, அது எதற்கு? பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போன குற்ற உணர்ச்சியா? மகனைப் பறிகொடுத்த உங்கள் நண்பர் வீட்டில், முதல் வருட நினைவு நாளன்று இதைக் கிட்டாரில் வாசித்துப் பாடச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு முன் பொருள் தெரிய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயத்துக்காகவே கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுபடி சந்திப்போம் என்ற உறுதி இந்தப் பாட்டில் கிடையாது. சந்தித்தால் பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியுமா என்ற பயம்தான் இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பதில் கிடைக்காமலேயே, சரி, நான் உயிரோடு இருந்தாக வேண்டும் என்று ஒருவர் முடிவெடுப்பதை நாம் கேட்கிறோம்.

நடந்ததை முதலில் பார்த்துவிடலாம். 1991 மார்ச் 20. நியூயார்க்கின் மன்ஹாட்டனில், கிழக்கு 57வது தெருவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதன் 53வது மாடியில் சுத்தம் செய்வதற்காகத் திறக்கப்பட்டிருந்த பெரிய ஜன்னல் வழியே கிளாப்டனின் மகன் கானர் விழுந்து இறந்தான். அவனுக்கு நாலரை வயது. அம்மா, இத்தாலிய நடிகை லோரி டெல் சாண்டோ, வீட்டில்தான் இருந்தார். கிளாப்டன் அதே ஊரில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார். அன்றைக்கு மகனை வெளியே அழைத்துப் போக வரவிருந்தார். அதற்கு முந்தின நாள்தான் லாங் ஐலண்டில் சர்க்கஸ் பார்க்கக் கூட்டிப் போயிருந்தார். வேறு யார் துணையும் இல்லாமல் மகனைத் தான் மட்டும் வெளியே அழைத்துப் போனது அதுதான் முதல் தடவை என்று 2007-இல் வந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேளுங்கள், நிறைய விஷயம் மாறிவிடும். கானர் பிறந்தது 1986 ஆகஸ்டில். அப்போது கிளாப்டன் குடிக்கு அடிமை. 1987-இன் கடைசியில் இரண்டாவது தடவையாக மறுவாழ்வு மையத்துக்குப் போய்த்தான் குடியை விட்டார், அதற்குப் பெரிய காரணம் அந்தப் பிள்ளை. அதாவது, பிள்ளையின் சின்ன ஆயுளில் ஒரு பகுதி அப்பாவின் குடியிலும் இன்னொரு பகுதி ஊர் ஊரான கச்சேரியிலும் போய்விட்டது. அப்பாவாக இருப்பது எப்படி என்று அவர் அப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். சர்க்கஸுக்குப் போன மறுநாள் எல்லாம் முடிந்துபோனது.

பாட்டின் முதல் கேள்வி, உனக்கு என் பெயர் தெரியுமா என்பது. சாதாரணமாக இழப்பைப் பற்றிப் பாடுகிறவர்கள் ‘உன்னை மறக்க மாட்டேன்’ என்பார்கள். மறதி நம் பக்கம் வரக்கூடியது, அதை வரவிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுப்பார்கள். இவர் நேர்மாறாக, பிள்ளை தன்னை மறந்திருப்பானோ என்று கேட்கிறார். அடுத்த கேள்வி, எல்லாம் முன்பு போலவே இருக்குமா என்பது. ‘முன்பு’ என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்குள் இருந்ததே கொஞ்ச காலம்தான். ஒரு பிள்ளையோடு பத்து வருடம் தினமும் சாப்பிட்டு, சண்டை போட்டு, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட அப்பாவுக்கு இந்தச் சந்தேகம் இவ்வளவு முதலாவதாக வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சரணத்தில் கேள்விகள் இன்னும் ஒரு படி போகின்றன. என் கையைப் பிடித்துக்கொள்வாயா, நான் நிற்க உதவுவாயா என்று கேட்கிறார். நாலு வயதுப் பிள்ளையின் கையைப் பிடிப்பதும், விழுந்தால் தூக்கி நிறுத்துவதும் பெரியவர் செய்கிற வேலை. இங்கே அது தலைகீழாகிவிட்டது. மிக எளிய சொற்கள், ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய குழந்தைக்கும் புரியும். ஆனால் விழுந்தது யார், நிற்க முடியாமல் இருப்பது யார் என்று யோசித்தால் அந்த இரண்டு வரியைத் தாண்டுவது எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். மகன், குழந்தை, ஜன்னல், விபத்து எதுவுமே பாட்டில் கிடையாது. கதை தெரியாதவர் கேட்டால் மனைவியை இழந்தவர் பாடுவதாகவோ, அம்மாவை இழந்தவர் பாடுவதாகவோ எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு காரணம் பாட்டு பிறந்த விதம். லிலி ஃபினி சானக் இயக்கி 1991 டிசம்பரில் வந்த ‘ரஷ்’ என்ற படத்துக்கு கிளாப்டன் இசையமைத்துக்கொண்டிருந்தார். போதைப்பொருள் கும்பலுக்குள் ரகசியமாக நுழையும் இரண்டு போலீஸ்காரர்களின் கதை அது. பாடலாசிரியர் வில் ஜென்னிங்ஸோடு சேர்ந்து அதற்கு ஒரு பாட்டு எழுதியானபின், படத்தில் இன்னொரு இடம் இருக்கிறது, அங்கே என் பையனைப் பற்றி ஒரு பாட்டு வைக்க வேண்டும் என்று கிளாப்டன் சொல்லியிருக்கிறார். முதல் சரணம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. இது உங்கள் சொந்தத் துக்கம், முழுவதையும் நீங்களே எழுதுங்கள் என்று ஜென்னிங்ஸ் மறுத்தும் கிளாப்டன் விடவில்லை. கடைசியில் மீதி வரிகள் பலவற்றையும், ராகம் மாறுவது போல வருகிற அந்த நடுப்பகுதியையும் எழுதியவர் ஜென்னிங்ஸ். பின்னாளில் ‘டைட்டானிக்’ படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு வரிகள் எழுதியவரும் இவரே.

ஆக, வலி ஒருவருடையது, சொற்கள் இருவருடையவை. அதனால் பாட்டின் உண்மை குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. காலம் ஒருவனை எப்படிக் கீழே தள்ளும், முழங்காலை மடக்கும், நெஞ்சை உடைக்கும், கெஞ்ச வைக்கும் என்று அந்த நடுப்பகுதி சொல்கிறதே, பாட்டிலேயே அங்கே மட்டும்தான் பிள்ளையிடம் பேசுவது நின்று பொதுவாகப் பேசும் குரல் வருகிறது. துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நண்பர் பேசுவது போன்ற குரல் அது. அப்பாவால் கேள்வி மட்டும்தான் கேட்க முடிகிறது. துக்கம் மனிதனை என்ன செய்யும் என்று வெளியே நின்று பார்த்துச் சொல்ல இன்னொருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

நீங்கள் கிட்டார் வாசிப்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன். சரணம் ஏ மேஜர் ஸ்தாயியில் இருக்கிறது, பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் சுரம், ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிறது. ‘நான் திடமாக இருக்க வேண்டும்’ என்ற இடம் எஃப் ஷார்ப் மைனரில் தொடங்கும், அங்கே பேஸ் எஃப் ஷார்ப், எஃப், ஈ என்று அரை அரைச் சுரமாக இறங்கும். வாய் திடத்தைப் பற்றிப் பேசும்போது அடியில் தரை சரிந்துகொண்டிருக்கிறது. நடுப்பகுதி சி மேஜருக்குத் தாவுகிறது. அந்தத் தாவலில்தான் குரலும் மாறுகிறது, பேசுபவரும் மாறுகிறார். பாட்டு முழுவதிலும் அழுகுரல் கிடையாது, நீண்ட கிட்டார் தனி ஆவர்த்தனமும் கிடையாது. மின் கிட்டாரை அழ வைப்பதில் பெயர் வாங்கிய மனிதர் இங்கே நைலான் கம்பியை மெதுவாக மீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இந்த அடக்கம்தான் பாட்டின் பலம் என்பது என் எண்ணம். உரக்கப் பாடினால் இந்தக் கேள்விகள் கெட்டுப்போகும்.

இனி நீங்கள் கேட்ட அந்த வரி. நான் இங்கே இருக்க வேண்டியவன் இல்லை என்பதைப் பலர் ‘பாவியாகிய எனக்குச் சொர்க்கத்தில் இடமில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். குடி, ஹெராயின் என்று கிளாப்டனின் பழைய வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் குற்ற உணர்ச்சிதான் இந்தப் பாட்டின் மையம் என்றால் எங்காவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஒரு இடத்தில்கூட மன்னிப்பு என்ற பேச்சு வரவில்லை. அந்த வரியை அதற்கு முன்னால் வருவதோடு சேர்த்துப் படியுங்கள்: நான் திடமாக இருந்து தொடர்ந்து போக வேண்டும், ஏனென்றால் என் இடம் இது இல்லை. இரண்டாவது சரணத்தில் இன்னும் வெளிப்படையாகவே இருக்கிறது: இரவும் பகலும் என் வழியைக் கண்டுபிடித்துக்கொள்வேன், ஏனென்றால் என்னால் இங்கே தங்க முடியாது.

இரண்டு இடத்திலும் அவர் ‘இங்கே’ என்கிறார், அதுதான் முக்கியம். பூமியில் நின்றுகொண்டு சொர்க்கத்தை ‘அங்கே’ என்று சொல்வதுதானே வழக்கம். கற்பனையில் அவர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார். பிள்ளையின் பின்னாலேயே போய்விட வேண்டும் என்ற ஆசை, பிள்ளையைப் புதைத்த அநேகப் பெற்றோருக்கு வருகிற ஆசை, இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லாமல், போனேன், ஆனால் தங்க முடியாது, திரும்பியாக வேண்டும் என்கிறார். அப்புறம் நடுப்பகுதியும் சின்ன இசைத்துண்டும் முடிந்து வருகிற வரிகளில், அந்தக் கதவுக்கு அப்பால் அமைதி இருக்கிறது என்கிறார். இப்போது கதவு வந்துவிட்டது, அவர் அதற்கு வெளியே நிற்கிறார். அங்கேதான் ‘நிச்சயமாக’ என்ற தொனி முதன்முறையாக வருகிறது. தலைப்பில் உள்ள சொற்களும் அங்கே ஒரே ஒரு தடவைதான் வருகின்றன, அதுவும் ‘இனிக் கண்ணீர் இருக்காது’ என்ற உறுதியின் பகுதியாக.

அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பது கிறிஸ்தவ வீட்டுத் துக்கங்களுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். தேவன் அவர்களுடைய கண்ணீர் யாவையும் துடைப்பார், இனி மரணமுமில்லை, துக்கமுமில்லை என்று வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தில் வருகிற வசனத்தின் நிழல் அது. பைபிளிலேயே பிள்ளையை இழந்த இன்னொரு அப்பா இருக்கிறார். தாவீது ராஜா, கைக்குழந்தை இறந்தபின் எழுந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, நான் அதனிடம் போவேனே தவிர அது என்னிடம் திரும்பி வரப்போவதில்லை என்கிறார். அவருக்குப் போகும் இடம் தெரியும், பிள்ளை அங்கே இருக்கும் என்பதும் தெரியும். கிளாப்டனிடம் அந்தத் தெளிவு இல்லை. கதவுக்கு அப்பால் அமைதி உண்டு என்று நம்புகிறார், ஆனால் அந்த அமைதிக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தன்னைத் தெரியுமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் பாட்டு அந்த உறுதியோடு முடியவில்லை. மறுபடி முதல் சரணத்துக்கே வருகிறது: உனக்கு என் பெயர் தெரியுமா? மறுபடி ‘இங்கே’ என்கிறார். வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போய்விட்டார். துக்கம் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், ஒரு நாள் தெளிவாக இருக்கும், மறுநாள் காலை முதல் கேள்வியிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும்.

இந்த அடையாளம் தெரியாமல் போகும் பயத்துக்கு இன்னும் ஆழமான வேர் ஒன்று இருப்பதாக நான் நம்புகிறேன். பிள்ளை இறப்பதற்கு முன்பே, தன் தாத்தா இறந்த காலத்திலிருந்தே, நாம் உண்மையிலேயே மறுபடி சந்திப்போமா என்ற கேள்வி தனக்குள் இருந்ததாகவும், அதைக் கேட்பதற்காகவே இந்தப் பாட்டை எழுதியதாகவும் கிளாப்டன் சுயசரிதையில் சொல்கிறார். ஜமைக்கா பாடகர் ஜிம்மி கிளிஃபின் ஒரு பழைய பாட்டில் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) நகரும் விதத்தை வெகுகாலமாக மனதில் வைத்திருந்து இங்கே பயன்படுத்திக்கொண்டதையும் அங்கேயே எழுதியிருக்கிறார்.

யார் அந்தத் தாத்தா? இங்கிலாந்தில் சர்ரே வட்டாரத்தின் ரிப்ளி கிராமத்தில் கிளாப்டனை வளர்த்தவர். அம்மாவுக்கு அவர் பிறந்தபோது பதினாறு வயது. அப்பா ஒரு கனடா ராணுவ வீரர், போர் முடிந்து ஊருக்குப் போய்விட்டார், கிளாப்டன் அவரைப் பார்த்ததே கிடையாது. தாத்தா பாட்டியை அப்பா அம்மா என்றும், பெற்ற தாயை அக்கா என்றும் நம்பித்தான் அவர் வளர்ந்தார். ஒன்பது வயதில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தாயிடம், இனி உங்களை அம்மா என்று கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார். தாத்தா பாட்டியையே அப்பா அம்மா என்று கூப்பிடு, அவர்கள் உனக்கு அவ்வளவு செய்திருக்கிறார்கள் என்ற பொருளில் பதில் வந்தது. பெற்றவளே தன்னை மகன் என்று ஏற்றுக்கொள்ளாத பையன், நாற்பது தாண்டியபின் தன் மகனிடம் என்னைத் தெரியுமா என்று கேட்கிறார். இதை அவர் எங்கும் இப்படி இணைத்துச் சொன்னதாக நான் சொல்லவில்லை, இது என் வாசிப்பு. ஆனால் அதே காலத்தில் அவர் எழுதிய மற்ற பாட்டுகளைப் பாருங்கள். ‘மை ஃபாதர்ஸ் ஐஸ்’, பார்த்திராத அப்பாவின் கண்களைத் தன் மகனின் கண்களில் தேடும் பாட்டு. ‘சர்க்கஸ் லெஃப்ட் டவுன்’, அந்தக் கடைசி மாலையைப் பற்றியது. ‘டியர்ஸ் இன் ஹெவன்’ உட்பட மூன்றையும் 1992 ஜனவரியில் இங்கிலாந்தில் விண்ட்ஸருக்கு அருகே பிரே ஸ்டுடியோவில், மின் கிட்டார் இல்லாமல் நடந்த ‘அன்பிளக்டு’ கச்சேரியில் அவர் பாடினார். அப்போது வெளிவந்த ஆல்பத்தில் ‘டியர்ஸ் இன் ஹெவன்’ மட்டும் இடம்பெற்றது. மற்ற இரண்டும் 1998-இல் வேறு வடிவில்தான் வெளியே வந்தன.

பாட்டு பெற்ற வெற்றி உங்களுக்குத் தெரிந்ததுதான்: அமெரிக்காவின் பிரபலப் பாடல் பட்டியலில் இரண்டாம் இடம், 1993-இல் மூன்று கிராமி விருதுகள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. மகன் இறந்தபின்னும் கிளாப்டன் மறுபடி குடிக்கவில்லை. குடியை விட்டவர்களின் கூட்டம் ஒன்றில் அவர் இதைப் பற்றிப் பேசியபோது, ஒரு பெண்மணி வந்து, என் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் நான் குடிப்பதில் தப்பில்லை என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன், அதையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்றாராம். மகனின் நினைவுக்குத் தான் செய்யக்கூடிய மரியாதை குடிக்காமல் இருப்பதுதான் என்று அவருக்கு அப்போது புரிந்ததாக எழுதுகிறார். ‘தொடர்ந்து போக வேண்டும்’ என்ற அந்த வரிக்கு அவர் வாழ்க்கையிலேயே இருக்கும் உரை இதுதான்.

2004 வாக்கில் அவர் இந்தப் பாட்டைக் கச்சேரிகளில் பாடுவதை நிறுத்தினார். அந்த இழப்பின் உணர்வு முன்பு போல இல்லை, அது இல்லாமல் இதைப் பாட முடியாது என்றார். பல வருடம் கழித்து மறுபடி பாடத் தொடங்கினார். அவர் பாடாமல் இருந்த காலத்தில் பாட்டு வேறு கைகளுக்குப் போனது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட எல்டன் ஜான், ராட் ஸ்டூவர்ட், ஓசி ஆஸ்போர்ன் உட்படப் பலர் சேர்ந்து 2005-இல் இதையே பாடி வெளியிட்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், அதில் எத்தனையோ பேர் குழந்தைகள். ஒரு தனி மனிதரின் பிள்ளைக்காக எழுதிய பாட்டு அப்படி நம் கடற்கரைப் பெற்றோருக்கும் ஆனது. பிள்ளை என்ற சொல் பாட்டில் இல்லாதது அதற்கு வசதியாக இருந்தது.

சரி, நண்பர் வீட்டில் வாசிக்கலாமா? வாசிக்கலாம், ஆனால் ஏற்பாடு செய்கிற உறவினர்கள் சொன்னது போதாது. அந்த அப்பாவிடமும் அம்மாவிடமும் நீங்களே முன்கூட்டியே கேளுங்கள். பாட்டு எதைப் பற்றியது என்பதையும் சொல்லிவிடுங்கள், தலைப்பை மட்டும் பார்த்து ஆறுதல் பாட்டு என்று நினைத்திருப்பார்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். சரி என்றால், பாடுவதற்கு முன் ‘இது நமக்கு நம்பிக்கை தரும் பாட்டு’ என்பது போல முன்னுரை எதுவும் வேண்டாம். கடைசியில் முதல் சரணம் திரும்ப வருவதை நேரம் கருதி வெட்டிவிடாதீர்கள், அதை வெட்டினால் பாட்டு வேறு பாட்டாகிவிடும். ஏ மேஜர் உங்கள் குரலுக்கு உயரமாக இருந்தால் ஜி-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். அப்போது நடுப்பகுதி பி ஃப்ளாட்டுக்குப் போகும். அந்தக் கார்டு கைக்குக் கடினம் என்று அந்தத் தாவலை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள்.